கோணல் கோபுரமும் ஆசாரிங்க மேல விழுந்த பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் பயணக் கட்டுரையில இங்கிலாந்து செஸ்டர்ஃபீல்டு செயின்ட் மேரி அண்ட் ஆல் செயின்ட்ஸ் சர்ச் பத்தி எழுதியிருந்தது சந்தோஷம். ஆனா சாத்தான் வந்து உட்கார்ந்து கோபுரத்தை முறுக்கிட்டான்ங்கிற கதையைச் சொல்லிட்டு, மத்தபடி அது அரைகுறை ஆசாரிங்க வேலைன்னு ஒரே வரியில முடிச்சதுதான் மனசுக்குக் கஷ்டமா போச்சு.

நான் பக்கத்துல ஷெஃபீல்டுல இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போவேன். 228 அடி உயரம், உச்சி நடுவுல இருந்து 9 அடிக்கு மேல தள்ளி நிக்குது, அதோட 45 டிகிரி முறுக்கு வேற. எட்டுப் பட்டை மரக் கூம்புங்க அது, அடியில ஒரு மூலையைப் புடிச்சு அப்படியே கண்ணை மேல கொண்டு போனா உச்சிக்குப் போறதுக்குள்ள அடுத்த மூலை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துடும்! ஈயத் தகடுங்களை வேற எதிரும் புதிருமா சாய்ச்சுப் பதிச்சிருக்காங்களா, முறுக்கு இன்னும் ஜாஸ்தியா தெரியும்.

கூம்பு எழுப்பினது 1362 வாக்குல. அதுக்குப் பதிமூணு பதினாலு வருஷம் முன்னாடிதான், 1348-49ல, கொள்ளைநோய் வந்து இங்கிலாந்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஜனங்க செத்தாங்க, தொழில் தெரிஞ்ச பெரிய ஆசாரிங்களும் அதுல போயிருப்பாங்க, கத்துக்கொடுக்க யாரு மிச்சம்? கூம்புக்குள்ள தாங்குற குறுக்குச் சட்டம் போதாமப் போனதுக்கு இதைத்தான் காரணமா காட்டுறாங்க. பச்சை, அதாவது இன்னும் காயாத, ஓக் மரம் போட்டதைத் தப்புன்னு சொல்லவே முடியாது, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் கட்டினாங்க, காய்ஞ்ச ஓக் எவ்வளவு கெட்டின்னு உளியால செதுக்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த மரம் காய்ஞ்சு வளையுது, மேல சுமார் 33 டன் ஈயம் அழுத்துது, தெற்குப் பக்க வெயில்ல ஈயம் விரியுது... எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கோணல்.

1961 டிசம்பர்ல உள்ள தீப்பிடிச்சு ஆர்கன் வாத்தியம் எரிஞ்சப்பவும் கூம்பு தப்பிச்சது. 660 வருஷமா நிக்கிற வேலையை அரைகுறைன்னு எழுதலாமா சார்?

சாத்தான் கதை இருந்துட்டுப் போகட்டும், பசங்களுக்குப் பிடிக்கும். அடுத்த இதழ்ல அந்த ஆசாரிங்களைப் பத்தி ரெண்டு வரி திருத்தம் போடுங்க. கட்டுரையாளர் திரும்பப் போனா டவர் டூர் கேட்டு மேல ஏறி, கூம்புக்குள்ள அந்த மரச்சட்டங்களை நேர்ல பார்க்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஷெஃபீல்டு