ஆகஸ்ட் மாதப் பயிற்சிச் செய்திகள்: கொலம்பஸ் நகரத் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சிக்கு இறங்கிவிட்டால் நம் வீடுகளில் மற்ற பேச்செல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. காலைக் காபியுடன் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் தோள்பட்டையைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்பது, ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் பெற்றோருக்கு விளங்குவதேயில்லை. முதுகலைப் படிப்புக்காக இங்கே வந்து, உடன் படித்தவர் கொடுத்த மாணவர் டிக்கெட்டில் முதல் ஆட்டத்தைப் பார்த்து, விதிகள் பாதி புரியாமலேயே கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட நாளிலிருந்து நானும் இந்தப் பித்துப் பிடித்தவன்தான். ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பயிற்சிச் செய்திகளை நாம் படிக்கும் விதமும், அவற்றை வைத்துக்கொண்டு அந்த மாணவர்களைப் பற்றி நாம் பேசும் விதமும் சில ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். என் மகள் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய ஆய்வக வகுப்பில் ஃபுட்பால் ஆடும் மாணவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், அடை வார்த்துக்கொண்டிருந்த அடுப்பருகே நின்றபடி, "நாளைக்கு வகுப்புக்குப் போனால் அந்தப் பையன் இடது காலை இழுத்து நடக்கிறானா என்று மட்டும் பார்த்துச் சொல்லம்மா" என்றார். அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "அங்கிள், அவன் என் லேப் பார்ட்னர்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றிரவு படுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது.

நாம் விழுந்து விழுந்து படிக்கும் பயிற்சிச் செய்தி எதனால் ஆனது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான பயிற்சிகள் கதவடைத்தே நடக்கின்றன. செய்தியாளர்களை உள்ளே விடுவது சில நாட்களில், அதுவும் பல வேளைகளில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே. முதல் இரண்டு நாட்கள் தலைக்கவசத்தை மட்டும் அணிந்து ஓடுகிறார்கள். தோள்கவசமே இல்லாத அந்த நாட்களில் முன்வரிசைத் தடுப்பாளர் ஒருவர் "அசைக்க முடியாதவராக இருந்தார்" என்று எழுதப்படும் வரிக்கு என்ன பொருள் இருக்க முடியும்? அவரை அசைக்கும் அளவுக்கு யாரும் மோதவே இல்லையே. 2021-இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதிகளை இறுக்கியபோது ஆகஸ்ட் பயிற்சிக் காலத்தில் முழுக் கவசத்துடன் ஆடும் நாட்கள் 9 என்றும், அணிக்குள்ளேயே ஆடும் முழு ஒத்திகை ஆட்டமான ஸ்க்ரிமேஜ் 2 என்றும் குறைக்கப்பட்டன. மாணவர்களின் மூளையைக் காக்க வந்த நல்ல விதி அது. அதன் விளைவாக, முதல் ஆட்டத்துக்கு முன் ஒருவர் உண்மையில் எப்படி ஆடுவார் என்று பயிற்சியாளர்களே பார்க்கக்கூடிய வேளைகள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. நாமோ அந்தச் சில வேளைகளையும் நேரில் பார்க்காமல், பார்த்தவர் எழுதிய நான்கு வரிகளைக் கொண்டு தீர்ப்பெழுதுகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பயிற்சியில் நம் அணி நம் அணியோடேயே மோதுகிறது. தாக்கும் அணி நன்றாக ஆடிய நாளில் தடுப்பணி ஓட்டை என்று புலம்புகிறோம். மறுநாள் தடுப்பணி பந்தைப் பறித்தால், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கண் தெரியவில்லை என்கிறோம். ஒரே செய்தியில் நல்லதும் கெட்டதும் சம அளவில் இருக்க, அன்றைக்கு நம் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம். குவார்ட்டர்பேக் அணியும் சட்டையோ அவரைத் தொடக்கூடாது என்பதற்கான அடையாளம். எதிரே வருபவர் அருகில் நெருங்கியதும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ஆட்ட நாளில் அதே பையன் அந்தப் பிடியிலிருந்து நழுவி ஓடியிருப்பாரா, விழுந்திருப்பாரா என்பது விசிலோடு போய்விடுகிறது. கால்களால் தப்பிப் பிழைக்கும் குவார்ட்டர்பேக்குகள் ஆகஸ்டில் சோடையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்று நான் நெடுநாளாக நினைத்துவருகிறேன்.

நம் அணியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2014 ஆகஸ்ட் நடுவில் நம் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் காயம் பட்டு, அந்தப் பருவமே அவருக்கு இல்லாமல் போனது. அதே பயிற்சிக் காலத்தில் ஜே.டி. பேரட், கார்டேல் ஜோன்ஸை முந்திக்கொண்டு அடுத்த இடத்தைப் பிடித்திருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் வர்ஜீனியா டெக் அணி நம் மைதானத்துக்கே வந்து 35-21 என்று வென்றபோது, பேரட்டைத் தேர்ந்தெடுத்ததே பிழை என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு அந்தப் பருவத்தில் பேரட் தோற்கவே இல்லை. நவம்பர் கடைசியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கணுக்கால் முறிந்தது. ஆகஸ்ட் பயிற்சியில் வரிசையில் மூன்றாவதாகத் தள்ளப்பட்ட ஜோன்ஸ், வாழ்வின் முதல் மூன்று தொடக்க ஆட்டங்களாக விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் மாதத்து டெப்த் சார்ட்டை, அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியலை, அன்றே கத்தரித்து வைத்திருந்த நண்பர் ஒருவர் இன்றும் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். மூன்றாம் வரியில் ஜோன்ஸின் பெயர் காபிக் கறையோடு இருக்கிறது.

இந்தக் கதையை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அதிலிருந்து "பயிற்சியாளர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறவர்களுடன் நான் உடன்படுவதில்லை. பேரட்டைத் தேர்ந்தெடுத்ததும் சரியான முடிவுதான். அவர் ஆடிய ஆட்டங்களே அதற்குச் சான்று. ஒரு இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது தோற்றவர் திறமையற்றவர் என்று பொருளாகிவிடாது என்பதற்கு ஜோ பரோவை விடவும் பெரிய சாட்சி கிடையாது. இதே ஓஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் ஊர்ப்பிள்ளை. 2017 ஆகஸ்ட் பயிற்சியில் அவருடைய எறியும் கையில் எலும்பு முறிந்தது. அதனால் பேரட்டுக்கு அடுத்த இடம் மறைந்த ட்வெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போயிற்று. அந்த நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராக பேரட் காயம்பட்டு வெளியேற, ஹாஸ்கின்ஸ் உள்ளே வந்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். 2018 வசந்தகாலப் பயிற்சி முடிந்ததும் பரோ லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். ஹாஸ்கின்ஸ் அந்த ஆண்டு இங்கே 50 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தரும் எறி) எறிந்தார். பரோ 2019-இல் அங்கே 60 எறிந்து, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசியக் கோப்பையும் பெற்றார். இரண்டு பேருமே அபாரமானவர்கள், இடம் ஒன்றுதான் இருந்தது. பரோவை விட்டுவிட்டோமே என்று இன்றும் புலம்பும் நண்பர்கள் அந்த 50-ஐ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என்னுடைய பிழையையும் எழுதிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் கைல் மெக்கோர்ட்டுக்கும் டெவின் பிரவுனுக்கும் போட்டி. தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே யாரையும் உறுதியாக அறிவிக்காமலேயே பருவத்தைத் தொடங்கி, இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகுதான் மெக்கோர்ட் என்று முடிவாகச் சொன்னார். அந்த ஆகஸ்ட் முழுக்க, படித்த ஒவ்வொரு செய்தியிலும் மெக்கோர்ட்டின் குறைகளை மட்டும் நான் பொறுக்கிச் சேர்த்து வைத்தேன். ஒரு தவறான எறி என்றால் அதைப் பத்துப் பேரிடம் சொன்னேன். பருவத்தின் இறுதியில் மிச்சிகனிடம் 30-24 என்று தோற்ற ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் அவர் எறிந்த பந்து எதிரணியிடம் போனபோது, நான் முன்பே சொன்னேனே என்று எனக்குள் ஒரு அற்ப மகிழ்ச்சிகூட எழுந்தது. அவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2024-இல் நாட்டிலேயே அதிகமாக 4,779 கெஜம் எறிந்தார். என் குறிப்பேட்டில் இருந்தவை ஒருவரின் திறமையைப் பற்றிய குறிப்புகளே அல்ல என்று அப்போது புரிந்தது. முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு நான் தேடிய ஆதாரங்கள் அவை.

2025-இலும் இதே கூத்துத்தான். ஜூலியன் சேயினா, லிங்கன் கீன்ஹோல்ட்ஸா என்று ஆகஸ்டின் பாதி நாட்கள் வரை போட்டி நீடித்தது; ஸ்க்ரிமேஜில் கீன்ஹோல்ட்ஸ் முந்திவிட்டார் என்று ஒரு நாள், சேயின் மீண்டும் எழுந்துவிட்டார் என்று மறுநாள். டே சேயினை அறிவித்தார். ஆகஸ்ட் 30 அன்று டெக்சஸுக்கு எதிராக 14-7 என்று வென்ற ஆட்டத்தில் சேயின் எறிந்தது 126 கெஜம்தான். அன்றிரவே "இவர் தாங்க மாட்டார்" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. டிசம்பரில் அவர் ஹைஸ்மன் இறுதிப் பட்டியலில் இருந்தார்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம் என்றுதான் முன்பெல்லாம் நினைத்தேன். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் ஓஹாயோவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. பந்தயக் காசை இழந்தவர்கள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து வசைபாடுவது அளவுக்கு மீறிப் போனதால், தனி மாணவரின் ஆட்ட எண்ணிக்கையை வைத்துக் கட்டும் பந்தயத்துக்கு 2024-இல் இந்த மாநிலமே தடை போட வேண்டி வந்தது. நம் அணி ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னும் 2023 முதல், யார் ஆட முடியும் யார் முடியாது என்ற பட்டியலை ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியிடுகிறது. உள்ளே இருப்பவர்களிடமிருந்து துப்புக் கறக்க ஒருவரும் முயலாமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. "அந்தப் பையன் காலை இழுத்து நடக்கிறானா" என்று ஒரு மாணவியிடம் கேட்பது இப்போது வெறும் ஆர்வக்கோளாறு ஆகாது. கேட்டவருக்குப் பந்தயம் கட்டும் பழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்லக் கேட்டு இன்னொருவர் கட்டமாட்டார் என்று யார் உறுதி தருவது?

டெப்த் சார்ட்டின் மேல்முனையை மட்டுமே நாம் பார்க்கிறோம் என்பதும் எனக்கு ஒரு குறை. கல்லூரி விளையாட்டு வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு ஒரு அணியில் 105 பேருக்குத்தான் இடம். உதவித்தொகை எதுவும் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, விடியற்காலையில் வந்து எதிரணி போல வேடமிட்டு அடிவாங்கும் வாக்-ஆன் பையன்களுக்கு அந்த 105-இன் கடைசி வரிதான் போர்க்களம். அந்தப் போட்டியைப் பற்றிச் செய்தி எழுதுவார் யாருமில்லை, நாமும் கேட்பதில்லை.

பயிற்சிச் செய்தியைப் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்களும் கேட்கமாட்டீர்கள், நானும் கடைப்பிடிக்கமாட்டேன். ஆனால் அதில் எதைத் தேடுவது என்று நம்மால் மாற்றிக்கொள்ள முடியும். இன்ன எறி பிடிபட்டது, இன்ன எறி பிடிபடவில்லை என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் அணியோடு யார் நின்றார், எத்தனை நாள் தொடர்ந்து நின்றார் என்று பாருங்கள். உதைக்கும் ஆட்டங்களுக்கான அணியில் எந்தப் புதியவர் சேர்க்கப்பட்டார் என்று பாருங்கள். பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெற்றவர்தான் அங்கே முதலில் தலைகாட்டுவார். முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் காலத்திலிருந்து நம் அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது: புதிதாய் வந்தவரின் தலைக்கவசத்து நடுக்கோட்டின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டி, அவர் தன்னை நிரூபித்ததும் சக ஆட்டக்காரர்கள் சூழ நின்று ஆரவாரிக்க அதைக் கழற்றுவார்கள். அது தொடக்க ஆட்டக்காரர் என்ற அறிவிப்பு ஆகாது. ஆனால் தினமும் அவரோடு மோதுகிறவர்கள் முன்னிலையில் நடப்பது என்பதால், வேலிக்கு வெளியே நின்று எழுதப்படும் பத்து வரிகளை விட அந்தப் பட்டை எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. டெப்த் சார்ட்டில் இரண்டு பெயர்களுக்கு நடுவே "அல்லது" என்று போட்டிருந்தால், கோச் நம்மை ஏமாற்றுகிறார் என்று கொதிக்காமல், அவருக்கே இன்னும் முடிவாகவில்லை என்று ஒருமுறையாவது நம்பிப் பார்ப்போம்.

என் வேண்டுகோள் சிறியதுதான். மாணவர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவதை, அது பாராட்டாகவே இருந்தாலும், நிறுத்திவிடுவோம். வளாகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் உளவு கேட்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: இந்த ஆண்டு ஒவ்வொருவரும் தம் கணிப்பை, குவார்ட்டர்பேக் முதல் உதைப்பவர் வரை, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவாருங்கள். முறுக்கு வைக்கும் எவர்சில்வர் தூக்கைக் காலிசெய்து வைத்திருக்கிறேன். அதில் போட்டு மூடிவிட்டு, மிச்சிகன் ஆட்டம் முடிந்த மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் திறப்போம். என் தாளை முதலில் படிக்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
கொலம்பஸ், ஓஹாயோ