அந்த நீலத் துணி

அன்புள்ள கண்ணு,

பார்சல் வந்து சேர்ந்தது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும்.

நீ பெயின்ட் அடித்து, பஞ்சு வைத்துப் பாதி தைத்திருக்கிற அந்த நீலத் துணியை மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறேன். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்குள் எவ்வளவு வேலை! துணியை நனைத்துவிட்டுத்தானே பெயின்ட் வைத்தாய்? நீலம் பச்சைக்குள் கசிந்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது. காய்ந்த துணியில் அப்படி ஓடாது. மூலையில் இருக்கிற இலைகள் வெயிலில் வைத்து எடுத்தவை. நீதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய்: ஈரப் பெயின்ட் மேல் இலையைப் படியவைத்தால், வெயில் படுகிற இடம் முதலில் காய்ந்து, இலைக்கு அடியில் இருக்கிற ஈரத்தையும் நிறத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இலை இருந்த இடம் வெளுத்து நிற்கும் என்று. உன் அத்தை பார்த்துவிட்டு, "ப்ரின்ட் துணி வாங்கி ஒட்டியிருக்காளா?" என்றாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நான் அந்த இலை நரம்பைத் தடவிக் காட்டி, மேலே நீ போட்டிருக்கிற முடிச்சுத் தையலையும் காட்டினேன். அப்புறம் பேச்சே இல்லை.

பெயின்டுக்குச் சூடு கொடுத்தாயா? சாயம் என்றால் நூலுக்குள்ளேயே போய்விடும். பெயின்ட் துணிமேல் படலமாகத்தான் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு, நீராவி இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி செய். பஞ்சு வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், பாலியெஸ்டர் பஞ்சு சூட்டில் அமுங்கிப் போய்விடும். இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று நீ சிரிப்பாய். சிரித்தால் சரி.

தையல் பாதியில் நிற்கிறதே, அதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மேல்பாதி முழுக்க அலையலையாக, ஒரு தையல்கூடத் தப்பாமல் வந்திருக்கிறது. கீழ்ப்பாதியில் வெறும் குண்டூசிகள். பார்சலில் குண்டூசியோடு அனுப்புகிற பெண்ணா நீ? நூல் வேறு முடிச்சில்லாமல் நாலு விரல் நீளத்துக்குத் தொங்குகிறது. பொம்மைச் சட்டைக்குக்கூட நூலைப் பின்பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டு, ஊசியால் இரண்டு துணிக்கும் நடுவே ஒளித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய்.

ஸ்டாம்ப் குத்திய இடத்தில் பெயின்ட் தடித்திருக்கிறது, அங்கே நூல் அறுந்துகொண்டே இருந்திருக்கும், அதனால்தான் விட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் ஊசியை மாற்று. 90 நம்பர் டாப்ஸ்டிச் ஊசி போடு, அதன் காது பெரிது, நூல் உரசாது. ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளுகிற மெஷின் பல்லை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டு. தடித்த இடத்தில் தைத்துப் பிரிக்காதே, ஓட்டை அப்படியே நின்றுவிடும். அடுத்த தடவை அக்ரிலிக் எடுத்தால் துணிக்கான மீடியம் என்று விற்கிற திரவத்தைக் கலந்துகொள், விறைக்காது. துணியில் கஞ்சி இருந்தாலும் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, முதலில் அலசிவிடு.

போன வாரம் வீடியோவில் உன் பின்னால் சுவர் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டாயா? நேர் வெயில் பட்டால் நிறம் மங்கும், அதற்காகக் கழற்றியிருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் சுவரில் வெயிலே படாதே. சின்னவனிடம் கேட்டேன். "அவளையே கேளும்மா" என்கிறான். அப்பா, "அவள் என்ன குழந்தையா, விடு" என்கிறார். சொல்லிவிட்டு இரண்டு தடவை மேஜைப் பக்கம் வந்து அந்தத் துணியைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபெயித் ரிங்கோல்ட் என்ற அமெரிக்க ஓவியரைப் பற்றி நீதான் சொன்னாய். அவர் செய்த முதல் குவில்ட், அதாவது இதைப் போல அடுக்கித் தைக்கிற துணி, 1980-இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்', அவரும் அம்மாவும் சேர்ந்து செய்தது. 30 முகங்களை வரைந்தது மகள். அம்மா வில்லி போசி உடை வடிவமைப்பாளர், தையல் தெரிந்தவர். அடுத்த ஆண்டே அந்த அம்மா இறந்துவிட்டார். உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே துணியில் உட்கார்ந்தார்கள், அதற்குச் சொன்னேன். உனக்கு நிறம் வரும், எனக்குத் தையல் வரும். நாம் மட்டும் ஏன் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறோம்?

பெயின்ட் அடித்ததோடு நிற்கிற துண்டுகள் உன்னிடம் இன்னும் இருக்கும். பிறகு முடிக்கலாம் என்று பெட்டியில் போட்டு வைத்திருப்பாய். தூக்கிப் போட்டுவிடாதே, எல்லாவற்றையும் அனுப்பு. நன்றாக இல்லை என்று நீ நினைக்கிறதையும் சேர்த்து அனுப்பு. பஞ்சும் பின்துணியும் நான் வைத்துக்கொள்கிறேன். குண்டூசியை மட்டும் எடுத்துவிடு, என் விரல் பாவம். இஸ்திரி போட்டுவிட்டு அனுப்பு.

நீலத் துணியின் கீழ்ப்பாதியை நான் தொடவில்லை. உன் கை அலை எனக்கு வராது, நேர்கோடாகக் கையால் ஓடுதையல் போடலாம் என்று இருக்கிறேன். மேலே மெஷின், கீழே கைத்தையல் என்று இருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். வெள்ளை நூலா, கருநீலமா என்பதை மட்டும் சொல். மெசேஜ் வேண்டாம், ஃபோன் பண்ணிச் சொல். ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா