களத்து மண்ணும் என் பொம்மைக் காரும்

ஏலே முருகேசா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் இழுத்துக்கிட்டே போச்சு, அது முடிஞ்ச கையோட காய்ச்சல், இப்பதான் நிம்மதியா உக்காந்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், ஆனா மாடிப்படி ஏற விட்றாதீங்க, எங்க அத்தை பத்தே நாள்ல ஏறிட்டு மறுபடி ஒரு மாசம் படுத்தாங்க. மக்காச்சோளத்துல பன்னி எறங்குனத படிச்சு வயிறு எரிஞ்சுபோச்சு. ராத்திரி காவலுக்கு நீயேதான் போறியா, ஆள் யாரும் கிடைக்கலையா?

சரி நீ கேட்டதுக்கு வரேன். "48 வயசுல பொம்மைக் கார் ஓட்டுறியாம்ல, தங்கச்சி போன்ல சொல்லி இங்க ஊரே சிரிக்குது"ன்னு எழுதிருந்த, அதுக்கு கீழயே உன் பையனும் வீடியோ பாத்துட்டு அதே கார் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், எது வாங்கன்னும் கேட்டிருந்த. சிரிச்சுட்டு கேக்கற பாத்தியா, அதான் நீ.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, நான் இருக்கிற மெக்கானிக்ஸ்பர்க், அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஹாரிஸ்பர்க் பக்கத்துல இருக்கிற சின்ன ஊர். பத்து வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி தூரத்துல ஒரு உறுமல் கேக்கும், ஹைவேல லாரி போகுதுன்னே நினைச்சிட்டு இருந்தேன், கூறுகெட்டவன். அது வில்லியம்ஸ் க்ரோவ் ஸ்பீட்வேயாம், 1939-ல ஆரம்பிச்ச மண் ட்ராக், அரை மைல் ஓவல். பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டயர் ஆன மெக்கானிக், போன வருஷம் ஒருநாள் வாப்பான்னு கூட்டிட்டு போனார். அங்க ஓடுறது ஸ்பிரிண்ட் கார், 410 கன இஞ்ச் என்ஜின், சுமார் 900 குதிரைசக்தி, ஆனா எடை நம்ம பழைய மாருதி கார் அளவுதான், தலைக்கு மேல கட்டில் பலகை மாதிரி ஒரு பெரிய விங். பெட்ரோல் கிடையாது மெத்தனால், ஸ்டார்ட்டரும் கிடையாது, பின்னாடி ஒரு ட்ரக் வந்து முட்டித் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுது, எனக்கு நம்ம காலேஜ் பஸ்ஸ தள்ளுன ஞாபகம் வந்துருச்சு. எல்லாம் இடதுபக்கம்தான் திரும்புது ஆனா முன் சக்கரம் வலதுபக்கம் பாத்துட்டு இருக்கு, கார் முழுசும் பக்கவாட்டுல சறுக்கிட்டே வளைவுல போகுது, நாங்க உக்காந்திருந்த எடம் வரைக்கும் மண்ணாங்கட்டி பறந்து வந்து சட்டை எல்லாம் சேறு. வாய்ல மண்ணோட சிரிச்சிட்டு இருந்தேன்லே.

ரெண்டு வாரம் கழிச்சு பெரியவர் அவர் வீட்டு பேஸ்மெண்ட்ட காட்டுனார். அதே கார், பத்துல ஒரு பங்கு அளவுல, அதே விங், அதே சறுக்கல். ஆர்சி டர்ட் ஓவல்னு பேரு, அதாவது ரிமோட் கார மண் ஓவல்ல ஓட்டுறது. இங்க கிராமத்துப் பக்கம் ஒரு கொட்டகைலயோ யாரோட தோட்டத்துலயோ சின்ன மண் ஓவல் போட்டு வாராவாரம் ரேஸ் வைக்கிறாங்க, அப்பா மகன் பேரன்னு மூணு தலைமுறை ஒரே டேபிள்ல உக்காந்து ஸ்க்ரூ முடுக்கிட்டு இருப்பாங்க.

நான் செஞ்ச முதல் முட்டாள்தனம் என்னன்னா, ட்ராக்குக்கு போறதுக்கு முன்னாடியே கார் வாங்குனது. கடைல போய் எது வேகமோ அதக் குடுன்னுட்டேன், அவனும் மூணு செல் பேட்டரி போடுற ப்ரஷ்லெஸ் கார் (கார்பன் ப்ரஷ் இல்லாத, வேகமான மோட்டார் வச்சது) ஒண்ண எடுத்துக் குடுத்தான், பார்க்கிங் லாட்டுல ஓட்டுனா அம்பு மாதிரி போச்சு. அத தூக்கிட்டு ட்ராக்குக்கு போனா, இதுக்கு இங்க கிளாஸே, அதான் போட்டிப் பிரிவே, கிடையாதுன்னுட்டாங்க. கிளாஸ் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஓவல் என்ன நீளம்னு நினைக்க, உங்க களம் ரெண்டு சேர்ந்தா வரும், நேர்கோடு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுரும், அந்த வேகத்த எங்க வச்சு ஓட்ட? பாதி விலைக்கு வித்தேன். வீட்ல இன்னும் சொல்லிக்காட்டுறா.

அதனால முதல்ல வெறுங்கையோட போய் ஒரு ராத்திரி நின்னு பாக்கணும், அங்க அதிகமா எந்தக் கார் ஓடுதோ அதையே வாங்கணும். எங்க ட்ராக்குல புதுசா வர்றவன் எல்லாரும் ஓட்டுறது ட்ராக்ஸஸ் ஸ்லாஷ். 2008-ல வந்த மாடல், ரெண்டடிக்கு கொஞ்சம் கம்மி நீளம், பின் சக்கரம் மட்டும் ஓடும். அதுல வர்ற 12 டர்ன் (டர்ன்னா மோட்டாருக்குள்ள கம்பி சுத்துன எண்ணிக்கை) 550 சைஸ் ப்ரஷ் மோட்டார மாத்தவே கூடாதுங்கறது எங்க கிளாஸோட ரூல், அதனால எவன் கைல காசு அதிகம்ங்கற பிரச்சனை வராது. நான் பழசு ஒண்ணு 150 டாலருக்கு வாங்குனேன். அதோட ஸ்பீட் கன்ட்ரோலர்ல, அதான் மோட்டாருக்கு பவர் விடுற டப்பாவுல, ட்ரெயினிங் மோடுன்னு ஒண்ணு இருக்கு, போட்டா பாதி பவர்தான் வரும், முதல் மாசம் வெக்கப்படாம அதுலதான் ஓட்டுனேன், என்கூட ஓட்டுன ஒன்பது வயசுப் பையன் ஃபுல் பவர்ல சுத்திட்டு இருந்தான்.

பாடிய பத்தி சொல்லணும். மெல்லிசு கண்ணாடி மாதிரி பாலிகார்பனேட், பெயிண்ட் உள்பக்கமா அடிக்கணும், அப்பதான் வெளிய எவன் உரசுனாலும் கலர் போகாது. நான் நம்ம ஊரு ஞாபகத்துல சுவருக்கு ப்ரைமர் அடிக்கிற மாதிரி முதல்ல வெள்ளைய அடிச்சு, அது காய்ஞ்சதும் அழகா செவப்பு அடிச்சேன். திருப்பிப் பாத்தா கார் முழுசும் வெள்ளை! உள்ள இருந்து அடிக்கறதால முதல்ல அடிக்கிறதுதான் வெளிய தெரியும், வெள்ளை கடைசில வரணும். பெரியவர் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். வருஷம் பூரா அந்த வெள்ளைக் காரத்தான் ஓட்டுனேன், எனக்கு அங்க பேரே ஆம்புலன்ஸ்.

ஓட்டுறது சுலபம்னு நினைச்சா தப்பு. சாதாரண ஆர்சில கார் நம்மள பாத்து வரும்போது இடது வலது மாறிப்போகும், ஓவல்ல எப்பவும் இடதுதான்ங்கறதால அந்தக் குழப்பம் பாதி குறையும். ஆனா பின்பக்கம் சறுக்க ஆரம்பிச்சதும் வலதுபக்கம் ஒடிக்கணும், அந்த நேரம் மூளை உறைஞ்சுரும். நான் முதல் மூணு மாசம் வளைவுக்குள்ள வேகமா போய் வெளி ஓரப் பலகைல மோதிட்டே இருந்தேன். முன் சஸ்பென்ஷன் ஆர்ம் எத்தனை உடைஞ்சதுன்னு கணக்கே இல்ல, அத மட்டும் பையில நாலு எப்பவும் வச்சிருக்கணும். அப்புறம் பெரியவர் ஒருநாள் என் பின்னாடி நின்னுக்கிட்டு, ரிமோட்டோட வேக விசைல இருந்து விரல எடு, இப்ப எடு, இப்ப எடுன்னு ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னார், நான் எடுக்கற எடத்துக்கு ஒரு கார் நீளம் முன்னாடியே சொன்னார். மெதுவா போற மாதிரி இருந்துச்சு, ஆனா ஸ்பீக்கர்ல வாசிச்ச லேப் டைம்ல அரை செகண்ட் குறைஞ்சிருக்கு. ஆறு செகண்ட் சுத்துல அரை செகண்ட்லே! லேப் எண்றதுக்கு கார்ல ட்ரான்ஸ்பாண்டர்னு சின்ன டப்பா இருக்கும், ஸ்டார்ட் லைன்ல மண்ணுக்கு அடியில வயர் புதைச்சிருக்காங்க, தாண்டும்போது கம்ப்யூட்டர் எண்ணிக்கும். பொய் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, நம்ம ரேஸ் முடிஞ்சதும் அடுத்த ரேஸுக்கு நாமதான் போய் ட்ராக்குல நின்னு கவுந்த காரெல்லாம் நிமித்தி விடணும், மார்ஷல் வேலை. எனக்கு இது தெரியாது, முதல் நாள் என் ஹீட், அதான் பைனலுக்கு முன்னாடி வைக்கிற சுத்து, முடிஞ்சதும் ஜாலியா ஹாட் டாக் வாங்கப் போய்ட்டேன். மைக்ல என் பேரச் சொல்லி ஏலம் போட்டாங்க, அதுவும் உச்சரிக்கத் தெரியாம கண்டபடி. ஓடிப்போய் நின்னேன். நம்ம ஊர்ல ஒருத்தன் களத்துல கதிர் அடிக்கும்போது மத்தவன் போய் கை குடுப்பான்ல, அதே கணக்குதான்.

இப்ப நான் உனக்கு சொல்ல வந்த விஷயம். இதுல காரவிட மண்ணுதான்லே பெருசு. சாயங்காலம் ட்ராக்குக்கு தண்ணி அடிச்சு உருட்டி வச்சிருப்பாங்க, முதல் ஹீட்ல டயர் அப்படியே ஒட்டிக்கிட்டு போகும், எப்படி ஓட்டுனாலும் நல்லா ஓட்டுற மாதிரி இருக்கும். ரெண்டாவது ஹீட்ல மேல இருக்கிற ஈரம் போய், எல்லாரும் ஓடுற தடம் மட்டும் கறுத்து இறுகி பளபளன்னு ஆயிரும், அதுக்கு வெளிய ஒரு சாண் தள்ளிப் போனா பொடி மண்ணு, சோப்பு மேல நிக்கிற மாதிரி. ராத்திரி ஏ மெயின், அதான் பெரிய பைனல், வரும்போது அது வேற ட்ராக். ஆறு மணிக்கு ஜெயிச்ச டயர் பத்து மணிக்கு உதவாது. சில எடத்துல கால்சியம் குளோரைட போடுறாங்க, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து மண்ண காய விடாம புடிச்சு வைக்கும். எனக்கு இதெல்லாம் பாக்கும்போது உங்க அப்பாதான் ஞாபகம். அறுப்புக்கு முன்னாடி களம் செதுக்கி, தண்ணி தெளிச்சு, சாணி மெழுகி, உருளைக்கல்ல உருட்டுவாரு, நாம அதுல கால வச்சா வெளக்குமாறு பறந்து வரும். "பதம் வரலடா, தள்ளி நில்லு"ம்பாரு. கட்ட வெரலால ஒரு அழுத்து அழுத்திப் பாத்துட்டு இப்ப உருட்டுன்னு சொல்லுவாரு. இங்க முப்பது வருஷமா ஓட்டுறவங்களும் அதையேதான்லே செய்றாங்க, குனிஞ்சு வெரலால அழுத்திப் பாத்துட்டு டயர மாத்துறாங்க. நான் எத்தனையோ வீடியோ பாத்தேன், பதம்ங்கற ஒத்தச் சொல்ல இங்கிலீஷ்ல ஒருத்தனும் எனக்கு சொல்லித் தரல.

காரையும் இடதுபக்கத்துக்குன்னே பண்ணிக்கணும். வளைவுல பாரம் வலதுபக்கம் சாயும்ல, அதனால இடதுபக்கம் சின்னச் சின்ன ஈயக்கட்டி ஒட்டுவோம். பெரிய ஸ்பிரிண்ட் கார்ல வலது பின் டயர் இடதவிட நல்லாவே பெருசு, பின் ஆக்ஸில் ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்துறதால அது தானா இடதுபக்கம் வளையும். பையனுக்குப் புரியணும்னா வாய் அகலமான டம்ளர படுக்கப் போட்டு உருட்டிக் காட்டு, நேரா போகாது, வட்டம் அடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. எங்க கிளாஸ்ல நாலு டயரும் ஒரே சைஸ்தான், இந்த வித்தை எல்லாம் அடுத்த படிக்கு. அடுத்த படின்னா 17.5 டர்ன் ப்ரஷ்லெஸ், டர்ன் எண்ணிக்கை கூடினா வேகம் குறையும், கேக்க தலைகீழா இருக்கும். பெரியவர் போ போங்கறார், நான் இன்னும் ஒரு வருஷம் ஆம்புலன்ஸ்லயே இருக்கேன்னுட்டேன். பி மெயின்ல, அதுக்கு அடுத்த பைனல்ல, ஒருதடவை ரெண்டாவது வந்தேன், ஏ மெயினுக்கு இன்னும் போனதில்ல.

பேட்டரி விஷயத்துல மட்டும் விளையாட்டு வேணாம். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிய ஃபுல் சார்ஜோட கராஜ்ல ரெண்டு மாசம் மறந்துட்டேன், பூரி மாதிரி உப்பிருச்சு, அத அப்புறம் தொடவே பயம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, ஓட்டாத நாள்ல 3.8-ல வைக்கணும், 5000 எம்ஏஎச் பேட்டரின்னா 5 ஆம்பியர்ல சார்ஜ் போட்டுட்டு பக்கத்துலயே இருக்கணும். பையன்கிட்ட சார்ஜர குடுத்துட்டு நீ வயலுக்குப் போய்றாத.

அதனால இப்ப நீ எதையும் வாங்காத. ஜூன்ல நாங்க ஊருக்கு வரோம், பிள்ளைகளுக்கு லீவு. அப்ப என் ஸ்லாஷயே கொண்டு வரேன், பேட்டரி மட்டும் கைப்பைல வச்சுத்தான் கொண்டு வரணும், செக்-இன்ல தனியா பேட்டரி போட விடமாட்டான். உன் பையன் அதுல கத்துக்கட்டும், உடைக்கட்டும், ஆர்ம் மாத்த நான் சொல்லித் தரேன். ஆனி மாசம் உங்க களம் சும்மாதான கெடக்கும்? மெழுகுன தரைய கெடுக்க வேணாம், ஓரமா ஒரு வட்டம் செதுக்கி விடு, உள் ஓரத்துக்கு பழைய சொட்டு நீர் பைப்பு எதாவது போதும், இங்கயும் ட்ரெயினேஜ் பைப்புதான் போடுறாங்க. கரிசல் ஆகாதுன்னு நினைக்கேன், காஞ்சா வெடிப்பு விட்டு சக்கரம் உள்ள போய்ரும், கம்மாக்கரை செம்மண்ணு ரெண்டு கூடை கலந்தா நிக்குமா? உனக்குத்தான் தெரியும்.

அப்புறம் அம்மாகிட்ட ஒண்ணு கேட்டு எழுது. அப்பா களத்துக்கு தண்ணி தெளிச்சுட்டு எவ்வளவு நேரம் விட்டு உருட்டுவாருன்னு. எங்க ட்ராக்குல தண்ணி அடிக்கிற பையனுக்கு இன்னும் அது பிடிபடல, வாராவாரம் ரெண்டாவது ஹீட்லயே தூசி பறக்குது.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்,
ரவி