2021-22 ஆண்டறிக்கை: ஆசிரியர் சங்கச் செயலாளர் பொதுக்குழுவுல வாசிச்சது

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், நேர்ல வந்திருக்கிறவங்க, ஆன்லைன்ல சேர்ந்திருக்கிறவங்க எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா ஆண்டறிக்கைன்னா உறுப்பினர் சேர்க்கை, கணக்கு, நடந்த கூட்டங்கள்னு போகும். இந்த வருஷம் அதெல்லாம் கடைசியில வச்சிருக்கேன். ஏன்னா இந்த வருஷம் சங்கம் பண்ணின வேலையில பாதிக்கு மேல ஒரே விஷயத்துக்குத்தான் போச்சு, அது நம்ம டீச்சருங்களோட மனநலம். அதைப் பத்தி விரிவா சொல்லியே ஆகணும்.

2020 மார்ச் 11-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது, அடுத்த சில வாரத்துலயே 190-க்கும் மேற்பட்ட நாடுகள்ல ஸ்கூல் மூடிட்டாங்க. யுனெஸ்கோ கணக்குப்படி சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்ல உக்காந்தாங்க. பசங்க படிப்பு என்ன ஆகும்னு உலகமே கவலைப்பட்டுச்சு, அது நியாயமான கவலைதான், நாமளும்தான் பட்டோம். ஆனா அதே யுனெஸ்கோ கணக்குல இன்னொரு எண்ணும் இருந்துச்சு, சுமார் 6 கோடியே 30 லட்சம் ஆசிரியர்கள். அவங்க எப்படி இருக்காங்கன்னு யாரும் பெருசா கேக்கல. பசங்க கிட்ட பேசுங்க, பேரன்ட்ஸுக்கு தைரியம் சொல்லுங்கன்னு சர்குலர் மேல சர்குலர் வந்துச்சு, நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டு ஒண்ணுகூட வரல.

அதனால செயற்குழு உறுப்பினர்கள் தங்களுக்குள்ள லிஸ்ட்டை பிரிச்சுக்கிட்டு உறுப்பினர்கள் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ண ஆரம்பிச்சோம். பேரும் ஸ்கூலும் தெரியாத மாதிரி, கேட்டதுல சிலதை சொல்றேன். கறுப்பு கட்டங்கள பாத்து பாடம் நடத்துறது எப்படி இருக்குன்னு ஒரு கணக்கு டீச்சர் சொன்னாங்க, கேமரா ஆஃப், மைக் மியூட், புரிஞ்சுதான்னு கேட்டா பதில் இல்ல, நாப்பது நிமிஷம் தனக்குத்தானே பேசிட்டு லேப்டாப்பை மூடினதும் அழுகை வந்துடுதுன்னாங்க. பல வருஷ அனுபவம் உள்ள ஒரு சார், ஸ்க்ரீன் ஷேர் பண்ணத் தெரியாம பசங்க முன்னாடியும் அவங்க பின்னாடி உக்காந்திருக்கிற பேரன்ட்ஸ் முன்னாடியும் தடுமாறினதுக்கு அப்புறம் ராத்திரி தூக்கமே வரலன்னார். வீட்ல ஒரே போன், அதுல இவங்க கிளாஸ் எடுக்கணும், அதே நேரத்துல இவங்க பிள்ளைக்கும் கிளாஸ், ரெண்டுல எது முக்கியம்னு தினமும் முடிவு பண்ண வேண்டியிருந்த அம்மாக்கள் நிறைய பேர் இருந்தாங்க. சம்பளம் பாதியானவங்களும் இருந்தாங்க, வேலையே போனவங்களும் இருந்தாங்க. அதைவிட எல்லாரும் திரும்பத் திரும்ப சொன்னது, ஆன்லைனுக்கே வராம காணாம போன பசங்களைப் பத்தித்தான். அந்தப் பையன் எங்க இருக்கான்னே தெரியல சார், போன் எடுக்க மாட்டேங்குறாங்க, நான் என்ன பண்றதுன்னு கேட்டப்ப என்கிட்ட பதில் இல்ல.

இதுக்கெல்லாம் ஸ்ட்ரெஸ்னு ஒரே பேர வச்சுட்டு போயிடுறோம். பர்ன்அவுட்னு சொல்றதுக்கு உலக சுகாதார நிறுவனம் தெளிவா ஒரு விளக்கம் குடுத்திருக்கு, அவங்களோட நோய் வகைப்பாட்டு பட்டியலோட பதினோராவது பதிப்புல இருக்கு, அந்தப் பதிப்பு 2022 ஜனவரியிலதான் நடைமுறைக்கு வந்துச்சு. மூணு அடையாளம் சொல்றாங்க, சக்தியெல்லாம் வத்திப்போன களைப்பு, வேலை மேல ஒரு ஒட்டாத மனசு இல்லன்னா வெறுப்பு, நான் செய்யறதுல எந்தப் பிரயோஜனமும் இல்லங்கிற நினைப்பு. இது நோய் இல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட நிலைமைன்னும், வேலை இடத்துல ஓயாம இருக்கிற ஸ்ட்ரெஸ்ஸை சரியா கையாளாததால வர்றதுன்னும் அதுலயே இருக்கு. இதைத்தான் நான் இந்த வருஷம் முழுக்க எல்லா கூட்டத்துலயும் சொன்னேன், இங்கயும் சொல்றேன். டீச்சர் பலவீனமானவங்கங்கிறதால இது வரல, வேலையை அப்படி வச்சிருக்காங்கங்கிறதாலதான் வருது, அப்ப மாத்த வேண்டியதும் முதல்ல வேலையைத்தான்.

பல ஸ்கூல்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மனநல வெபினார் வச்சு, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, பாசிட்டிவா இருங்கன்னு சொல்லி அதுக்கும் அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க. மூச்சுப்பயிற்சி நல்லதுதான், அதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா நாள் முழுக்க ஸ்க்ரீன் பாத்தவங்கள இன்னொரு மணி நேரம் ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வச்சு ஓய்வெடுங்கன்னு சொல்றது எந்த விதத்துல உதவி? நம்ம சங்கம் நிர்வாகங்கள் கிட்ட எழுத்துல கேட்டது வேற. ராத்திரி மெசேஜுக்கு காலையில பதில் சொன்னா போதும், ஒரே விவரத்தை மூணு ஃபார்ம்ல கேக்கக்கூடாது, ரெண்டு கிளாஸுக்கு நடுவுல இடைவெளி வேணும், கிளாஸ் வீடியோவை டீச்சருக்கு தெரியாம பதிவு பண்ணக்கூடாது. சில ஸ்கூல்ல உடனே ஒத்துக்கிட்டாங்க, சில இடத்துல இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், ஒரு இடத்துல கடிதத்தையே வாங்கல. ஒத்துக்கிட்ட ஸ்கூல் டீச்சருங்க கிட்ட மறுபடி பேசினப்ப, ராத்திரி போனை தூர வச்சுட்டு தூங்க முடியுதுங்கறதைத்தான் முதல்ல சொன்னாங்க.

வீடியோ களைப்பு பத்தியும் ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல இதுக்கு நாலு காரணம் எழுதினார்: ரொம்ப கிட்டத்துல ஓயாம முகம் பாக்குறது, நம்ம முகத்தையே நாம பாத்துட்டிருக்கறது, உக்காந்த இடத்தை விட்டு நகர முடியாதது, தலையாட்டல் பார்வைன்னு இயல்பா புரியறத எல்லாம் முயற்சி பண்ணி புரிஞ்சுக்க வேண்டியிருக்கறது. நம்ம முகம் நமக்கு தெரியாத மாதிரி மறைச்சுக்கிற வசதி பல ஆப்புல இருக்கு, அதை எப்படி பண்றதுன்னு குரூப்ல போட்டோம், நிறைய பேருக்கு உதவுச்சு.

அடுத்தது நம்ம மனநல துணைக்குழு. விருப்பப்பட்டவங்களை ரெண்டு ரெண்டு பேரா சேர்த்தோம், வாரம் ஒரு தடவை ஒருத்தர் இன்னொருத்தருக்கு போன் பண்ணணும், அவ்வளவுதான். புத்தி சொல்லக்கூடாது, கேட்டதை வெளியில சொல்லக்கூடாது, ஸ்கூல் நிர்வாகத்துக்கு கண்டிப்பா போகக்கூடாது. ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தோணினா அந்த ரகசியத்தை காக்க வேண்டாம், உடனே துணைக்குழுவுக்கும் குடும்பத்துக்கும் சொல்லணும்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். டாக்டர்கள் டிப்ரஷனுக்கு பயன்படுத்துற ஒன்பது கேள்வி ஃபார்ம் ஒண்ணு இருக்கு, கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி கேக்கும், மொத்தம் 27 மார்க், 10-ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரைப் பாக்கணும்னு எடுத்துக்கலாம். ஒன்பதாவது கேள்வி செத்துடலாம்னு தோணுதா, தன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுதாங்கிறது. அதுக்கு ஆமான்னா மார்க் கூட்டிட்டு இருக்கக்கூடாது, அன்னைக்கே உதவி தேடணும். இந்த ஃபார்மை உறுப்பினர்களுக்கு குடுத்தோம், யாரும் திருப்பித் தர வேண்டாம்னோம். அப்படி சொன்னதாலதான் நிறைய பேர் உண்மையா பாத்தாங்கன்னு நான் நம்புறேன், ஏன்னா மனசுக்கு மாத்திரை சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சா வேலைக்கு என்ன ஆகும்ங்கிற பயம் இன்னும் போகல, அந்த பயம் நியாயமானதுன்னும் நமக்கு தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்ல சொன்னபடி, பெருந்தொற்றோட முதல் வருஷத்துல உலகம் முழுக்க பதற்றமும் டிப்ரஷனும் 25 சதவீதம் கூடியிருக்கு. அப்ப நம்ம ஸ்டாஃப் ரூம்லயும் இருக்கத்தானே செய்யும்.

நம்ம உறுப்பினர்கள் சிலரை இழந்துட்டோம். அவங்க குடும்பம் விரும்பாததால பேர் வாசிக்கல, ஆனா அவங்க கிளாஸை அடுத்த நாளே எடுத்த டீச்சர் யார்னு எனக்கு தெரியும், துக்கப்பட அவங்களுக்கு ஒரு நாள்கூட கிடைக்கல. அப்பாவையோ அம்மாவையோ இழந்த பசங்க கிளாஸுக்கு திரும்பி வந்தப்ப என்ன பேசணும்னு யாரும் நமக்கு சொல்லித் தரல. ஒரு கவுன்சலர் வந்து நேரடியா பயிற்சி குடுத்தாங்க, பேரைச் சொல்லி பேசுங்க, போனவங்களைப் பத்தி கேளுங்க, உடனே மறக்க வைக்கப் பாக்காதீங்கன்னு. அன்னைக்கு பயிற்சிக்கு வந்த டீச்சருங்களே தங்களோட இழப்பைப் பேச ஆரம்பிச்சு, குறிச்ச நேரத்தை தாண்டி போச்சு, யாரும் எழுந்து போகல.

ஸ்கூல் திறந்ததும் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சவங்க உண்டு. பாதிப் பேர் கிளாஸ்ல, பாதிப் பேர் ஸ்க்ரீன்ல, மாஸ்க்குக்குள்ள கத்தி கத்தி தொண்டை போச்சு, வீட்ல வயசான அப்பா அம்மாவுக்கு நாம கொண்டுபோய் குடுத்துடுவோமோன்னு தினமும் பயம், போதாததுக்கு ரெண்டு வருஷ போர்ஷனை ஒரே வருஷத்துல முடிங்கன்னு அழுத்தம். இதெல்லாம் இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் முழுசா தீரல.

கணக்கு விவரத்தை பொருளாளர் அடுத்து வாசிப்பாங்க, தணிக்கை முடிஞ்சுது. உறுப்பினர் சேர்க்கை நல்லா இருக்கு. வழக்கமான சுற்றுலாவும் விளையாட்டுப் போட்டியும் நடக்கல, அந்தத் தொகையை செயற்குழு ஒப்புதலோட கவுன்சலிங் செலவுக்கு மாத்தினோம்.

பொதுக்குழு முன்னாடி ரெண்டு தீர்மானம் வைக்கிறேன். மனநல துணைக்குழு நிரந்தரக் குழுவா இருக்கணும், கவுன்சலிங் நிதிக்கு வருஷா வருஷம் தனியா ஒதுக்கணும். மனநல காரணத்துக்கு எடுக்குற லீவை உடம்பு சரியில்லாத லீவு மாதிரியே நடத்தணும்னு நிர்வாகங்களுக்கும் கல்வித்துறைக்கும் சங்கம் எழுதணும். ரெண்டையும் இந்த அறிக்கையையும் விவாதிச்சு ஏத்துக்கணும்னு கேட்டுக்கறேன். போன் ஜோடியில சேர விரும்புறவங்க கூட்டம் முடிஞ்சதும் துணைக்குழு மேடம்கிட்ட பேர் குடுங்க.

செயலாளர்