மகளிர் நலப் பக்கத்துக்கு யார் தலைப்பு சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்கள் உடல்நலம் பற்றிய பக்கத்துக்கு வாசகர்களே தலைப்பு சொல்லலாம் என்று அறிவித்திருந்தீர்கள். மிக நல்ல முடிவு. நான் ஓய்வுபெற்ற தாதி. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் சமூக மன்றப் பெண்கள் குழு ஒன்றில் தொண்டூழியம் செய்கிறேன். செய்தியாளர்களிடம் அவ்வப்போது விஷயம் கொண்டுபோன அனுபவமும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வரப்போகிறவர்கள் பொருள் விற்பவர்கள்தான். அவர்களுக்கு எழுதத் தெரியும், படம் அனுப்பத் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் குழுவையே ஒரு நிறுவனம் தேடி வந்தது. ஹார்மோனைச் சீராக்கும் பானமாம். அதைக் குடித்து நலமடைந்ததாகப் பத்திரிகையில் பேச ஒரு பெண் வேண்டும், ஆளை மட்டும் காட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இத்தகைய ஊட்டச்சத்துப் பொருள்களை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பொருள் பாதுகாப்பானதா என்பதற்கு விற்பவரே பொறுப்பு. கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அப்படியென்றால் சோதித்துத்தானே விட்டிருப்பார்கள் என்று நம் பெண்கள் நம்புகிறார்கள். 2010ல் இங்கே சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற உடல் இளைக்கும் மருந்து, அதற்குப் பிறகும் உடல் இளைக்கும் பொருள்கள் சிலவற்றில் கலந்திருந்ததை ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஆகவே தலைப்பு அனுப்புகிறவரிடம், இதில் உங்களுக்கு என்ன ஆதாயம் என்று முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள். பதிலைக் கட்டுரையின் அடியில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

சொல்ல வேண்டிய கதை உள்ளவர்களோ எழுதுவதே இல்லை. எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு தங்கை இருக்கிறாள். நடு இரவில் உடம்பெல்லாம் வேர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தலையணை உறை நனைந்துபோகும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்குத் தெரியாமல் உறையை மாற்றிவிட்டு, விடியும்வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பாளாம். வீட்டில் பெரியவர்கள் “உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி” என்றார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இப்படி வரும், இதற்குச் சிகிச்சை உண்டு, பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. நான் விளக்கியதும் அவள் கேட்டது: “அக்கா, இதையெல்லாம் பேப்பர்ல போடுவாங்களா?”

போடுவார்கள் என்றேன். அவள் சம்மதத்துடன் ஒரு செய்தியாளரிடம் பேசினேன். அந்தச் செய்தியாளர் முதலில் கேட்டது பெயரை மறைக்க வேண்டுமா என்பதைத்தான். அப்புறம், எதையும் விற்காத ஒரு மருத்துவர் இதை உறுதிப்படுத்துவாரா, ஏன் இதை இப்போது எழுத வேண்டும் என்று கேட்டார். கட்டுரை வருவதற்கு முன் தங்கை சொன்னதையெல்லாம் தொலைபேசியில் அவளுக்கே வாசித்துக் காட்டினார். அவ்வளவு பொறுமையாக ஒருவர் வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான், நம் பெண்கள் துணிந்து பேசலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

தலைப்பு சொல்ல நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. “கர்ப்பகால நீரிழிவு பற்றி எழுதுங்கள்” என்று அனுப்பினால், செய்தியாளர் அதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவார்? கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரத்துக்குள் சோதனை செய்து, சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி வருகிறது. இட்லி எத்தனை சாப்பிடலாம், தோசை சாப்பிடலாமா, மாமியார் செய்த அதிரசத்தை எப்படி வேண்டாம் என்பது? இப்படி எழுதுங்கள். இதே விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவருக்கு நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் அந்த வாரங்களில்தான் பத்தியம், தாய்ப்பால், தூக்கமின்மை எல்லாம். பிள்ளையின் தடுப்பூசித் தேதி நினைவிருக்கும், தன் சோதனை மறந்துபோகும். இதைத் தமிழில் விரிவாக யாராவது எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்படுகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அப்படித்தான். 30 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை, அதாவது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் நான் கேட்கும் பதில், “எனக்குத்தான் எல்லாம் நின்றுபோச்சே, இனி எதுக்கு?” என்பதே. மாதவிடாய் நின்றதால் அந்தப் புற்றுநோய் வராது என்றில்லை. இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினால் அவர்கள் படிப்பார்கள்.

அப்புறம், அக்டோபர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று எல்லா அமைப்புகளும் அப்போதுதான் அனுப்பும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பாதி வெளிவராமலே போகும். 50 முதல் 69 வயதுள்ளவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது மார்ச்சிலும் ஜூலையிலும் சொல்ல வேண்டிய செய்திதான். அந்த மாதங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பேசுகிறவர் கேட்டால் பெயர் மறைக்கப்படும் என்பதைப் பக்கத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். நம் சமூகம் சிறியது. ஊரும் கணவர் வேலையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பெண்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, வாட்ஸ்அப் குரல்பதிவிலும் தலைப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் எழுதத் தயங்குகிற பெண்கள் குரல்பதிவில் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரைச் சோதனைக்குப் போகாமல் விட்ட தாய்மார்கள் சிலர் எங்கள் குழுவில் பேசத் தயாராக இருக்கிறார்கள். இந்தப் பெண்கள் குழுவுக்காகப் பேசுவதைத் தவிர எனக்கு இதில் வேறு தொடர்போ ஆதாயமோ இல்லை. உங்கள் செய்தியாளர் வருவதாக இருந்தால் சனிக்கிழமை காலை வரச் சொல்லுங்கள், எல்லாரும் மன்றத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
உட்லண்ட்ஸ்