செயலாளரின் ஆண்டறிக்கை: தைத்தவர் பெயரும் சான்றிதழில்

தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

வணக்கம். கதைப் பாத்திரங்களைப் போல உடுத்து வரும் கொஸ்பிளே கலையில், உடையின் விலையையும் பாத்திரத்தின் புகழையும் ஒதுக்கிவிட்டு, கைவேலைக்கே முதலிடம் கொடுப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அதன்படி அட்டனில் நடத்திய எமது கொஸ்பிளே போட்டியில் 100 புள்ளிகளில் 50 கைவேலைக்குப் போனது. மேடை ஏறுமுன் நடுவர்கள் ஒவ்வோர் உடையையும் உள்பக்கம் திருப்பி, தையலையும் ஒட்டிய விளிம்பையும் பட்டி பிடித்த இடத்தையும் பார்த்தார்கள். கடையில் வாங்கி அணிந்தவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தோம்.

அணிந்தவர் பெயரோடு தைத்தவர் பெயரையும் சான்றிதழில் எழுதினோம். இந்தக் கலையின் தொடக்கமே அதைத்தான் கேட்கிறது. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபோரஸ்ட் அக்கர்மன், மிர்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர் உடையில் வந்தார்கள். இரண்டு உடைகளையும் ஆக்கியவர் டக்ளஸ். பேரெடுத்தவரோ பெரும்பாலும் அக்கர்மன். எங்கள் வீடுகளில் இரவிரவாக மெஷின் மிதிக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் அந்த நிலை வரக்கூடாது.

பயிற்சிப் பட்டறைகளில் அதிக நேரம் எடுத்தது போம் என்ற நுரைத் தகட்டில் செய்யும் கவசம். தரைக்கு விரிக்கும் ஈ.வி.ஏ. என்ற நுரைப் பாயில் 10 மி.மீ. தடிப்பு மார்புக்கும், 5 மி.மீ. கைக்கும், 2 மி.மீ. அலங்காரத்துக்கும் போதும். உடம்பில் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, கோடு வரைந்து வெட்டியெடுத்தால் அளவு கிடைக்கும். அதை அப்படியே போமில் வெட்டினால் கவசம் பூட்டாது. 10 மி.மீ. போம் வளையும்போது தடிப்பே இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சுற்றளவில் 3 செ.மீ. அளவு கூட்ட வேண்டும். உள்ளே போடும் சட்டைக்கு இன்னும் கொஞ்சம். கட்டர் அலகை அடிக்கடி முறித்துப் புதுமுனை எடுங்கள். மழுங்கிய அலகு வெட்டாது, பிய்க்கும். வெட்டிய துண்டின்மேல் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓட்டினால் துவாரங்கள் மூடி மேற்பரப்பு லேசாக மினுங்கும். அந்தச் சூட்டோடு வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

மலைநாட்டில் வேலை கெடுவது பசையில்தான். செருப்புத் தைப்பவர்கள் பூசும் மஞ்சள் பசையை இரு பக்கமும் மெல்லிதாகத் தடவி, 10 - 15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்துவது வழக்கமான முறை. ஆனால் பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மூடுபனி நாளில் அதில் ஈரம் படிந்துவிடும். ஒட்டியது போலத் தெரிந்தாலும் மேடையில் கையை உயர்த்தியதும் விட்டுப்போகும். ஆகவே, பசை பூசுமுன் போமை ஹெயார் டிரையரால் இளஞ்சூடாக்கி, நண்பகலில் ஒட்டுங்கள். காயாத பசை இருக்கும் இடத்தில் அடுப்போ ஹீட் கன்னோ கூடாது, அதன் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இதே பசையும் ஸ்பிரே பெயின்டும் பொதி கட்டும் வெள்ளை ரெஜிபோமைக் கரைத்துவிடும். அதற்குத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசைதான் சரி.

இந்த ஆண்டில் கண்ட வேலைகளுள் மிகச் சிறந்தது தேயிலைச் சாக்கின் உட்புற அலுமினியத் தாளில் செய்த செதில் கவசம். முழுத்தாளாக ஒட்டினால் வளைவுகளில் சுருங்கும் என்பதால் 3 செ.மீ. செதில்களாக வெட்டி, 2 மி.மீ. போமில் ஒட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்து, மை தீர்ந்த பேனாவால் நரம்புக்கோடு கீறியிருந்தார்கள். கீழ்வரிசையிலிருந்து ஓடு வேய்வதைப்போல அடுக்கியதால் குனிந்தபோதும் இடைவெளி தெரியவில்லை. பள்ளங்களில் தண்ணீர் கலந்த கறுப்புப் பெயின்ட் விட்டுத் துடைத்ததும் பழைய உலோகமாகவே நின்றது.

மாசியில் மன்மதன் கதையைக் காமன் கூத்தாக ஆடும் மூத்த கலைஞர்களை அழைத்து ஒரு பட்டறை நடத்தினோம். ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன் வேடங்களுக்குக் கிரீடமும் தோளணியும் கட்டித் தேர்ந்த கைகள் அவர்களுடையவை. தலையைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் கிரீடத்தை இருத்தும் முறையை அவர்கள் காட்டினார்கள். பாரம் நெற்றியில் விழாமல் தலை முழுவதும் பரவுகிறது. இளையவர்களின் தலைக்கவசங்கள் ஆடி ஆடி மூக்கில் இறங்கிய தொல்லைக்கு இதைவிட நல்ல மருந்து நான் அறியேன்.

2015 முதல் கொழும்பில் நடக்கும், சித்திரக்கதை ரசிகர்கள் கூடும் லங்கா கொமிக் கொன் போன்ற விழாக்களுக்குப் போவோர் கவனத்துக்கு: பஸ்ஸில் ஏறக்கூடிய துண்டுகளாக உடையைக் கழற்றும்படி செய்யுங்கள். பட்டியும் கிளிப்பும் வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் போமை விடாதீர்கள். சூட்டில் கொடுத்த வளைவு சூட்டிலேயே தளரும். இங்கே குளிருக்கு இதமான கவசம் அங்கே வியர்வையில் நனைக்கும். உள்ளே பருத்திச் சட்டை, கைக்குழியில் காற்றுத் துவாரம், கையில் தண்ணீர்ப் போத்தல் அவசியம். வாளுக்கு உலோகம் வேண்டாம். இராணுவச் சீருடையை ஒத்த துணியும் வேண்டாம். வேடம் போட்டிருக்கிறார் என்பதற்காக யாரையும் கேட்காமல் தொடவோ படமெடுக்கவோ கூடாது. இந்த விதியை மீறுவோரை எமது நிகழ்வுகளில் வைத்திருப்பதில்லை.

வரும் ஆண்டுக்கு விக் சீவுதல், மேடை ஒளிக்கேற்ற ஒப்பனை ஆகியவற்றுக்குப் பட்டறைகள் முன்மொழியப்பட்டுள்ளன. ஹீட் கன் ஒன்றும் தையல் மெஷின் ஒன்றும் சங்கத்துக்கே வாங்க வேண்டும். அங்கத்தவர்கள் மாறி மாறி இரவல் வாங்குவதால் வேலை தடைப்படுகிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மண்டபம் தந்தவர்களுக்கும், கூத்துக் கலைஞர்களுக்கும், பெயர் பதிந்த, பதியாத தையற்காரர் அனைவருக்கும் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்