ஆர் 19-ஆ, ஆர் 3.5-ஆ?

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பொறியியல் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதிலும் இயந்திரவியல் எடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். முதுகுவலி மட்டும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குளிர்பதன அறைக்கு இன்சுலேஷன் கேட்டதில் ஒருவர் ஆர் 19 என்கிறார், இன்னொருவர் ஆர் 3.5 என்கிறார், முதலாமவர் சரக்குதான் ஐந்து மடங்கு உசத்தியா என்று கேட்டிருந்தாய். ஆர் என்பது வெப்பத் தடை, அதாவது வெப்பம் கடந்து போவதை அந்தச் சரக்கு எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. இல்லை. 3.5 என்று சொன்னவருடையதுதான் ஒரு படி மேல். 19 என்பது அமெரிக்க அலகில் சொன்னது: சதுர அடி, பாரன்ஹீட், மணி, பிடியூ (பிரிட்டிஷ் வெப்ப அலகு). 3.5 என்பது சதுர மீட்டர், கெல்வின், வாட். இரண்டு பேருமே அலகை எழுதாமல் வெறும் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. அலகு இல்லாத வெப்பத் தடையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

மாற்றும் எண்ணை மனப்பாடம் செய்யாதே. அலகைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடு, எண் தானாக வரும். 1 சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. 1 கெல்வின் வித்தியாசம் என்பது 1.8 பாரன்ஹீட் வித்தியாசம். 1 வாட் என்பது மணிக்கு 3.412 பிடியூ. முதல் இரண்டும் மேலே, மூன்றாவது கீழே. பெருக்கி வகுத்தால் 5.678 வரும். ஆக, 3.5-ஐ அதனால் பெருக்கினால் 19.9. உன் முதல் ஆள் சொன்ன 19-ஐ அதே எண்ணால் வகுத்தால் 3.35.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாரன்ஹீட் என்றதும் 32-ஐக் கழிக்கவும், கெல்வின் என்றதும் 273-ஐக் கூட்டவும் கை போய்விடும். இரண்டும் வேண்டாம். வெப்பத் தடையில் வருவது வெப்பநிலை அல்ல, இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம். அதனால்தான் வாட்டுக்கு இத்தனை கெல்வின் என்பதும் வாட்டுக்கு இத்தனை செல்சியஸ் என்பதும் ஒன்றே. பழைய வரைபடங்களில் வாட்டுக்குப் பதில் மணிக்கு இத்தனை கிலோகலோரி என்ற கணக்கு இருந்தால், அந்தத் தடையை 0.86-ஆல் பெருக்கிக்கொள், வாட் கணக்குக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பரப்பில் இருக்கிறது. ஒரு பொருளின் மொத்தத் தடையைச் சொல்கிறார்களா, ஒரு சதுர அளவுக்கான தடையைச் சொல்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பவர் டிரான்சிஸ்டருக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவில் வைக்கும் பேடுக்குக் கணக்குப் போட்டான். டேட்டா ஷீட்டில் 0.5 என்று இருந்தது. 20 வாட்டுக்கு 10 டிகிரிதானே ஏறும், தாராளம் என்றான். அலகைப் படிக்கச் சொன்னேன். செல்சியஸ், சதுர அங்குலம், கீழே வாட். சதுர அங்குலத்துக்கு 6.45 சதுர சென்டிமீட்டர் என்று மாற்றினால் 3.23. டிரான்சிஸ்டரின் அடிப்பக்கம் 1.5 சதுர சென்டிமீட்டர்தான். அதனால் வகுத்தால் வாட்டுக்கு 2.15 டிகிரி. அப்படியானால் அந்த மெல்லிய பேடிலேயே 43 டிகிரி போய்விடுகிறது! பையன் உடனே வேறு பேடு தேட ஆரம்பித்துவிட்டான். நல்ல பிள்ளை, சொன்னதும் பிடித்துக்கொண்டான்.

உன் மகளுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. நாம் உடுத்தும் துணிக்கும் இதே வெப்பத் தடைக் கணக்குதான். 1941-இல் குளோ என்று ஒரு அலகைக் கொண்டுவந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 21 டிகிரி அறையில் இதமாக இருக்கத் தேவையான உடை 1 குளோ. நம் சதுர மீட்டர், கெல்வின், வாட் அலகில் 0.155. மெத்தை, போர்வைகளுக்கு டாக் என்று இன்னொன்று உண்டு, அது 0.1. சுவருக்கும் சட்டைக்கும் ஒரே சமன்பாடு என்று முதன்முதலில் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவளுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தசமத்துக்குப் பின்னால் நிறைய இலக்கம் போட்டு நேரத்தை வீணாக்காதே. பிடியூவுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை உண்டு, 1055.06 ஜூல் என்பார்கள், 1054.35 என்றும் இருக்கிறது. இந்த வித்தியாசம் உன் வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஈரம் ஏறினால் இன்சுலேஷனின் கடத்துத்திறன், அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், இதைவிடப் பல மடங்கு மாறிவிடும். மூன்று இலக்கம் போதும்.

அப்புறம், பணம் கொடுப்பதற்கு முன் 3.5 சொன்னவரிடம் தடிமனையும் பொருளையும் கேட்டுவிடு. மீட்டரில் உள்ள தடிமனை 3.5-ஆல் வகுத்தால் கடத்துத்திறன் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் என்றால் 0.0286 வரும். பாலியூரித்தேன் நுரை என்றால் அது நடக்கிற கதை. கண்ணாடிக் கம்பளி என்றால் நம்பாதே, அதற்கு 0.04-ஐ ஒட்டித்தான் இருக்கும், 3.5 வேண்டுமானால் 140 மில்லிமீட்டராவது வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று எழுது, சேர்ந்து பார்ப்போம்.

உன் அன்பு நண்பன்,
முரளி